ஆட்டோ கமிஷன்!

தி.நகருக்கு ஆட்டோ ஏறும் வெளியூர் ஆசாமியிடம், "நல்ல புடவைக் கடை ஒண்ணு இருக்கு, சும்மா பாருங்க சார்!" என்று சில டிரைவர்கள் சொல்வதுண்டு. அவர் புடவை வாங்கினால் டிரைவருக்குக் கமிஷன்.

இதையே கம்ப்யூட்டரில் செய்யப்போவதாகச் சொன்னான் என் மச்சினன், ஆழ்வார்பேட்டை சிக்னல் பக்கம் டீ குடிக்கும்போது.

"மாமா, கூகுள்ல எவனாவது மிக்ஸின்னு தேடினா நம்ம விளம்பரம் வரும். க்ளிக் பண்ணா நேரா கடைக்குப் போயிடுவான். வாங்கினா நமக்குக் கமிஷன்!"

"க்ளிக்குக்குக் காசு யார் தர்றது?"

"நாமதான்."

என் பி.காம். மூளை விழித்துக்கொண்டது. க்ளிக் 5 ரூபாய் என்று வைத்தால், 100 க்ளிக் 500 ரூபாய். அதில் இரண்டு பேர் 3,000 ரூபாய் மிக்ஸி வாங்கி, கமிஷன் 5 சதவிகிதம் என்றால் வரவு 300. நஷ்டம் 200!

"இது வியாபாரமில்லடா, நன்கொடை!"

கேட்டானா? சேமிப்பில் 8,000 ரூபாயைக் கரைத்தான். வரவேண்டிய கொஞ்சநஞ்சக் கமிஷனும் வரவில்லை. தேடல் விளம்பரம் வழியாக நேராக அனுப்பினால் காசு கிடையாது என்று கடையின் ஒப்பந்தத்திலேயே இருந்தது. அண்ணன் அதைப் படிக்காமல் டிக் அடித்திருந்தான்.

கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. கடை வாசலுக்கே வந்துவிட்டவரைக் கைபிடித்து உள்ளே விட்டதற்கெல்லாம் கமிஷன் தருவாரா? அமேசான் 2009 மே 1 முதல் அமெரிக்காவிலும் கனடாவிலும் இப்படி வரும் ஆட்களுக்குக் கமிஷனை நிறுத்தியது. அதற்கு முன்பே, 2005-ல், ஒரு தேடலுக்கு ஒரு கடை முகவரியில் ஒரே விளம்பரம்தான் என்று கூகுள் சொல்லிவிட்டது. பத்துப் பேர் ஒரே கடைக்கு ஆள் பிடித்தால், ஒருவர் விளம்பரம்தான் தெரியும் என்பது அன்றைய விதி.

"அப்போ சொந்தமா ஒரு முகவரி வாங்கி, அங்க வர்றவனை உடனே கடைக்குத் தள்ளிவிட்டா?" என்றான்.

அதுவும் நடக்காது. விளம்பரத்தில் தெரியும் முகவரியும் போய் இறங்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது கூகுள் விதி. ஆளைத் தள்ளிவிடுவதற்கென்றே போட்ட வெற்றுப் பக்கத்துக்கும் அனுமதியில்லை. அமேசானும் இந்தச் சுற்றுவழியைச் சேர்த்தே தடுக்கிறது.

நேர்வழியை அனுமதிக்கும் கடைகளும் உண்டு. ஆனால் அதில் ஒரு சங்கடம். இன்று அனுப்பிய ஆள் அடுத்த மாதம் தானாகவே கடைக்குப் போய்விடுவார். ஆட்டோக்காரர் யாருக்கு ஞாபகம்?

மிச்சமிருப்பது ஒரே வழி. நம் பக்கத்தில் வருகிறவருக்கு உபயோகமாக நாலு விஷயம் இருக்க வேண்டும். எந்த மிக்ஸி எவ்வளவு சத்தம் போடும், பழுதானால் எங்கே கொடுப்பது என்று எழுதி, 'இதில் எனக்குக் கமிஷன் உண்டு' என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிடித்துப்போனால் அடுத்த தடவை விளம்பரச் செலவில்லாமலே வருவார்.

மச்சினனுக்கு ஒருவழியாகப் புரிந்தது. "பரிசோதனை பண்ணி எழுதறேன் மாமா" என்று எங்கள் வீட்டு மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு போனான்.

மூன்று வாரமாயிற்று. என் வீட்டில் இட்லிக்கு மிளகாய்ப்பொடிதான்!