புது பேட்டரி போட்டும் கார் ஸ்டார்ட் ஆகலையா? ராத்திரியில் கரண்டைக் குடிக்கும் திருடனைப் பிடிப்பது எப்படி?

நாமக்கல்:-

ராத்திரி நன்றாக ஓட்டி வந்து வாசலில் நிறுத்திய கார். காலையில் சாவியைத் திருப்பினால் 'டக்... டக்...' என்ற சத்தத்தோடு சரி. அக்கம் பக்கத்தில் 4 பேரைக் கூப்பிட்டு தள்ளு தள்ளு என்று தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டியிருக்கிறது. கடைக்குப் போனால் "பேட்டரி போச்சு, மாத்துங்க" என்கிறார்கள். சில ஆயிரம் ரூபாய் கொடுத்து புதுசு மாட்டினால், 10 நாளில் மறுபடியும் அதே 'டக் டக்'.

இதில் அதிகம் அடிபடுவது வாடகை கார் டிரைவர்கள்தான். அதிகாலை 4 மணிக்கு ஏர்போர்ட் சவாரியை ஒத்துக்கொண்டு வண்டி கிளம்பாவிட்டால் அன்றைய கூலி போச்சு, வாடிக்கையாளரும் போச்சு. வீட்டில் பிரசவ வலி, நெஞ்சு வலி என்று அவசரத்துக்கு காரை எடுப்பவர்கள் கதி இன்னும் மோசம்.

லாரித் தொழிலுக்குப் பேர் போன நாமக்கல்லில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் பேட்டரியை மாற்றுவது 10 நிமிட வேலை, கோளாறைத் தேடுவது அரை நாள் வேலை. எதை முதலில் செய்வார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

வாரண்டி இருக்கிறதே என்று பேட்டரியைத் திருப்பிக் கொண்டு போனாலும் பிரயோஜனம் இல்லை. கடைக்காரர் சார்ஜ் ஏற்றி சோதித்துப் பார்ப்பார். சார்ஜ் நின்றால் "பேட்டரி நல்லாத்தான் இருக்கு, வண்டியைப் பாருங்க" என்று கையில் கொடுத்து விடுவார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

ஒரு ராத்திரி சோதனை

குற்றவாளி பேட்டரியா, காரா என்பதை பைசா செலவில்லாமல் கண்டுபிடிக்கலாம். பேட்டரியை முழுசாக சார்ஜ் செய்து, ராத்திரி நெகட்டிவ் கம்பியைக் கழற்றி வைத்து விட வேண்டும். காலையில் மாட்டியதும் கார் ஜம்மென்று கிளம்பினால் பேட்டரி மேல் தப்பில்லை. காருக்குள் ஏதோ ஒன்று கரண்டைக் குடிக்கிறது. கம்பியைக் கழற்றி வைத்தும் சார்ஜ் இறங்கினால் பேட்டரிக்கே ஆயுசு முடிந்தது என்று அர்த்தம். (கம்பியைக் கழற்றினால் கடிகாரமும் ரேடியோ ஸ்டேஷன்களும் அழிந்து போகும். அதற்குப் பயப்பட வேண்டாம்.)

கையில் மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் சுலபம். சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. சில மணி நேரம் ஓய்வில் இருந்த பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்கு கீழே போனால் காலி என்றே வைத்துக்கொள்ளலாம். என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். வராவிட்டால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை. அப்படியானால் கசிவைத் தேடுவது வீண் வேலை.

50 மில்லி ஆம்பியர் கணக்கு

கார் தூங்கும்போதும் கடிகாரம், அலாரம், கம்ப்யூட்டர் நினைவகம் எல்லாம் கொஞ்சம் கரண்ட் எடுத்துக்கொண்டுதான் இருக்கும். 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை சகஜம். சின்ன கார்களில் இருக்கும் 35 ஆம்பியர் மணி பேட்டரியில், 50 மில்லி ஆம்பியர் போனால் பாதி சார்ஜ் தீர 2 வாரம் ஆகும். 2020 மார்ச் 25-ந்தேதி ஊரடங்கு தொடங்கியபோது வாரக்கணக்கில் நின்ற கார்கள் ஸ்டார்ட் ஆகாமல் போனதற்கு இதுதான் காரணம். கோளாறு எதுவும் இல்லை.

டிக்கியில் ஒரு 5 வாட் பல்பு அணையாமல் எரிந்தால் கதையே வேறு. சுமார் 420 மில்லி ஆம்பியர் போகும். சனிக்கிழமை மத்தியானம் நிறுத்திய காரில், திங்கட்கிழமை காலை பாதி சார்ஜ் காலி. கொஞ்சம் வயதான பேட்டரி என்றால் அதோடு படுத்து விடும். இத்தனைக்கும் டிக்கி மூடியிருப்பதால் பல்பு எரிவது யார் கண்ணிலும் படாது. செல்போனில் வீடியோவை ஓட விட்டு உள்ளே வைத்து டிக்கியை மூடிப் பாருங்கள். குட்டு வெளிப்பட்டு விடும்.

கதவை மூடு, காத்திரு

கசிவை அளப்பதற்கு மீட்டரின் சிவப்பு ஒயரை '10ஏ' துளையில் செருகி, அளவுத் திருகையும் அதற்கு மாற்ற வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றி, கம்பிக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் மீட்டரை இணைக்க வேண்டும். இந்த நிலையில் சாவியைத் திருப்பவே கூடாது. ஸ்டார்ட்டர் இழுக்கும் கரண்டில் மீட்டர் கருகி விடும்.

பலர் கோட்டை விடுவது இங்கேதான். மீட்டரை மாட்டியவுடன் 2, 3 ஆம்பியர் காட்டும். "பிடிச்சாச்சு" என்று துள்ளக் கூடாது. காரில் இருக்கும் கம்ப்யூட்டர்கள் தூங்கப் போக 20, 30 நிமிடம் ஆகும். சில கார்களில் 1 மணி நேரம்கூட ஆகும். கதவைத் திறந்தால் மறுபடி எல்லாம் விழித்துக்கொள்ளும். அதனால் கதவைத் திறந்து வைத்தே, அதன் பூட்டுக் கொக்கியை ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தி, மூடியது போல நம்ப வைக்க வேண்டும். (முடிந்ததும் கைப்பிடியை இழுத்து கொக்கியை விடுவிக்க மறந்தால், கதவைச் சாத்தும்போது கொக்கி உடையும்.) பட்டன் ஸ்டார்ட் கார் என்றால் சாவியை வீட்டுக்குள் தூரமாக வைக்க வேண்டும்.

அப்புறமும் மீட்டர் 300, 400 மில்லி ஆம்பியர் காட்டினால் பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். எந்த பியூசைப் பிடுங்கியதும் அளவு சடாரென்று இறங்குகிறதோ, அந்த லைனில்தான் திருடன் இருக்கிறான். எந்த பியூஸ் எந்த லைன் என்பது பெட்டி மூடியிலேயே அச்சிட்டிருக்கும்.

யார் யார் மேல் சந்தேகம்?

முதல் சந்தேகம், கார் வாங்கிய பிறகு மாட்டிய சாமான்கள் மேல்தான் விழ வேண்டும். ஸ்டீரியோ, ஆம்ப்ளிபயர், அலாரம், ஜி.பி.எஸ்., டேஷ் கேமரா. இவற்றில் சிலவற்றை சாவி அணைத்தாலும் கரண்ட் வரும் லைனில் அவசரத்தில் முறுக்கி விடுகிறார்கள். ஸ்டீரியோவில் பொதுவாக மஞ்சள் ஒயர் எப்போதும் கரண்ட் வருவது, சிவப்பு ஒயர் சாவி போட்டால் மட்டும் வருவது. இரண்டையும் ஒன்றாக முறுக்கி விட்டால், பாட்டை நிறுத்த மறந்த நாளெல்லாம் விடிய விடிய கரண்ட் போகும்.

அடுத்து, ஒட்டிக்கொண்ட ரிலே, டேஷ்போர்டு பெட்டி விளக்கு, பிரேக் விளக்கு சுவிட்ச்.

எல்லா பியூசையும் பிடுங்கியும் அளவு இறங்கவில்லையா? அப்போது ஆல்டர்னேட்டரைப் பார்க்க வேண்டும். அதற்குள் இருக்கும் டயோடு கெட்டால் கரண்ட் பின்வழியாகக் கசியும். அந்தத் தடித்த ஒயர் வழக்கமான பியூஸ் பெட்டி வழியாகப் போவதில்லை என்பதால் பியூஸ் சோதனையில் சிக்காது. நெகட்டிவ் கம்பியை முழுசாகக் கழற்றி விட்டு, ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயரை எடுத்து, வேறெங்கும் உரசாதபடி சுற்றி வைத்து, திரும்ப அளந்தால் தெரிந்து விடும். பழக்கம் இல்லாதவர்கள் இதை மட்டும் எலக்ட்ரீஷியனிடம் விட்டு விடுவது நல்லது.

உயிரோடு விளையாடாதீர்கள்

சார்ஜ் ஏறும் பேட்டரியில் இருந்து ஹைட்ரஜன் வாயு வரும். பக்கத்தில் பீடி, தீக்குச்சி, தீப்பொறி கூடாது. வெடித்தால் கந்தக அமிலம் முகத்தில் தெறிக்கும். பழைய மெக்கானிக்குகள் சிலர் கம்பியை முனையில் உரசி, பொறி பறக்கிறதா என்று பார்ப்பார்கள். இப்போதைய கார்களில் நல்ல வண்டியிலும் முதல் உரசலில் பொறி வரும். ஆகவே ஆபத்துதான் மிச்சம். என்ஜின் ஓடும்போது பேட்டரி கம்பியைக் கழற்றி சோதிப்பது அதைவிட மோசம். கம்ப்யூட்டர் பெட்டி போனால் பேட்டரி விலையைப் போல பல மடங்கு செலவு வைக்கும்.

வேறு வண்டியில் இருந்து கரண்ட் எடுத்தால், பிளஸ்சோடு பிளஸ் முதலில். கடைசி மைனஸ் கிளிப்பை படுத்த வண்டியின் பேட்டரியில் மாட்டாமல், தள்ளி இருக்கும் என்ஜின் இரும்பில் மாட்ட வேண்டும்.

சோதனை முடிந்ததும் மீட்டரின் சிவப்பு ஒயரை மறக்காமல் வோல்ட் துளைக்கு மாற்றி விடுங்கள். '10ஏ'-யிலேயே விட்டு அடுத்த முறை பேட்டரியின் 2 முனையிலும் வைத்தால், நேரடி ஷார்ட் சர்க்யூட். மீட்டரும் போகும், கையும் வேகும்.