தமிழ் தலைவாஸ் ஏன் தோற்றுக்கொண்டே இருந்தது?

2017, 2018, 2019 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் புரோ கபடி லீக்கில் தமிழ் தலைவாஸ் கடைசி இடத்தைத்தான் பிடித்தது. முதல் இரண்டு ஆண்டுகள் 'பி' பிரிவின் ஆறு அணிகளில் ஆறாவது இடம். மூன்றாவது ஆண்டு, எல்லா அணிகளையும் ஒரே பட்டியலில் வைத்தபோது பன்னிரண்டில் பன்னிரண்டாவது.

கபடி தமிழ்நாட்டின் மாநில விளையாட்டு. தென்காசி, சுரண்டை, ஆலங்குளம், பாவூர்சத்திரம் பக்கம் கோயில் கொடையோ பொங்கலோ வந்தால் பல ஊர்களில் கபடிப் போட்டியும் கூடவே வரும். பக்கத்துத் தூத்துக்குடி மாவட்டத்தின் மணத்தி கிராமத்திலிருந்து கிளம்பிய மணத்தி கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் இருந்தவர். அர்ஜுனா விருது பெற்றவர். அவருடைய வாழ்க்கையைத் தழுவித்தான் மாரி செல்வராஜ் 2025இல் 'பைசன்' படத்தை எடுத்தார். இப்படிப்பட்ட மண்ணின் பெயரைத் தாங்கிய அணி ஏன் வருடக்கணக்கில் தோற்றது? 'நம்ம ஆட்களை எடுக்கவில்லை', 'காசு வாங்கிக்கொண்டு ஆடுகிறார்கள்' என்று டீக்கடையில் சொல்லிவிடலாம். ஆனால் உண்மையான காரணம் புள்ளிப் பட்டியலிலேயே இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

புள்ளிப் பட்டியலைப் படிப்பது எப்படி?

2024 பருவம் வரை புரோ கபடியில் வெற்றிக்கு 5 புள்ளி, சமனுக்கு 3 புள்ளி. தோற்ற அணிக்கும் ஒரு சலுகை இருந்தது. தோல்வி 7 புள்ளி வித்தியாசத்துக்குள் இருந்தால் 1 புள்ளி கிடைத்தது. அதற்கு மேல் தோற்றால் ஒன்றும் இல்லை.

இப்போது 2019ஆம் ஆண்டுக் கணக்கைப் பார்ப்போம். தலைவாஸ் ஆடியது 22 ஆட்டம். வெற்றி 4, தோல்வி 15, சமன் 3. நான்கு வெற்றிக்கு 20 புள்ளி, மூன்று சமனுக்கு 9 புள்ளி, ஆக 29. ஆனால் பட்டியலில் அணிக்கு இருந்தது 37 புள்ளி. மீதி 8 புள்ளியும் நூலிழையில் நழுவிய எட்டு ஆட்டங்களிலிருந்து வந்தவை. பதினைந்து தோல்விகளில் பாதிக்கு மேல் அந்த வகைதான்.

2017இல் இது இன்னும் தெளிவு. 6 வெற்றி, 14 தோல்வி, 2 சமன், மொத்தம் 46 புள்ளி. வெற்றியும் சமனும் தந்தது 36. மீதி 10. பதினான்கு தோல்விகளில் பத்து, 7 புள்ளிக்கு உட்பட்டவை. அந்தப் பிரிவில் மூன்றாவதாக வந்து பிளேஆஃப் போன யுபி யோதாவின் புள்ளி 64. அந்தப் பத்தில் ஐந்தை மட்டும் தலைவாஸ் வென்றிருந்தால், ஆட்டத்துக்கு 4 புள்ளி கூடி 66 ஆகியிருக்கும். கடைசி இடத்துக்கும் பிளேஆஃபுக்கும் நடுவில் இருந்தது ஐந்தே ஆட்டம்.

2018இல் 5 வெற்றி, 13 தோல்வி, 4 சமன், 42 புள்ளி. இதிலும் ஐந்து தோல்விகள் அதே வகை. அந்த ஆண்டின் தொடக்கம் அருமையாக இருந்தது. அக்டோபர் 7 அன்று சென்னை நேரு உள்விளையாட்டு அரங்கில், மூன்று முறை தொடர்ந்து பட்டம் வென்ற பாட்னா பைரேட்ஸை 42-26 என்று தலைவாஸ் வீழ்த்தியது. அடுத்தடுத்த ஆட்டங்களில் அதே அரங்கில் யுபி யோதாவிடம் 32-37, தெலுங்கு டைட்டன்ஸிடம் 28-33. இரண்டுமே ஐந்து புள்ளித் தோல்வி.

2019இலும் இதே கதைதான். குற்றாலத்தில் சீசன் நடக்கும் ஜூலையில் லீக் தொடங்கியது. முதல் ஆட்டத்தில் தெலுங்கு டைட்டன்ஸை 39-26 என்று வென்றார்கள். அடுத்து தபாங் டெல்லியிடம் 29-30. ஒரே ஒரு புள்ளி.

ஆக, இந்த அணி ஆடத் தெரியாமல் தோற்கவில்லை. ஆட்டத்தை முடிக்கத் தெரியாமல் தோற்றது.

ஏழு புள்ளி எங்கே போகிறது?

கபடியில் ஏழு புள்ளி என்பது இரண்டு மூன்று நிமிடத்தில் கைமாறும். ஒரு அணியின் ஏழு பேரும் வெளியேறினால் எதிரணிக்கு ஆல் அவுட்டுக்காக 2 புள்ளி கூடுதலாகக் கிடைக்கும். களத்தில் இரண்டு பேர் மட்டும் மிஞ்சியிருக்கும்போது ஒரு பிடி தவறினால் தொட்டவர்களுக்கான புள்ளியும் ஆல் அவுட் புள்ளியும் சேர்ந்து 4 புள்ளி ஒரே ரெய்டில் போய்விடும். அதே இடத்தில் அந்த இருவரும் ரெய்டரை மடக்கினால் அது சூப்பர் டேக்கிள். 2 புள்ளி இந்தப் பக்கம் வரும். களத்தில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ நிற்கும்போதுதான் இந்தச் சலுகை.

டூ ஆர் டை ரெய்டும் அப்படித்தான். இரண்டு ரெய்டு வெறுமையாகத் திரும்பினால், மூன்றாவதில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் ரெய்டர் வெளியே. முன்னிலையில் இருக்கும் அணி கடைசி ஐந்து நிமிடத்தில் ஒரு ரெய்டுக்கான 30 வினாடியையும் கரைத்துவிட்டு ரெய்டரைப் பத்திரமாகத் திருப்பிக் கூட்டிக்கொள்ளும். பின்தங்கிய அணி பொறுமை இழந்து, ரெய்டர் கோட்டைத் தாண்டியதுமே பாய்ந்து பிடிக்கப் போகும். அப்படிப் பாய்ந்த பிடிதான் பெரும்பாலும் தப்பும்.

கடைசி ஐந்து நிமிடத்தைத் தாங்குவது பிடி ஆட்டம். வலது கார்னர், இடது கார்னர், வலது கவர், இடது கவர் என்று நாலு பேர் அதைச் சுமக்கிறார்கள். கார்னரில் நிற்பவர் கணுக்காலைப் பிடித்த அதே நொடியில் கவரில் நிற்பவர் உடம்போடு மோத வேண்டும். அரை நொடி தாமதித்தால் ரெய்டர் கையை நீட்டி நடுக்கோட்டைத் தொட்டுவிடுவார். பிடித்தவர், மோதியவர் இருவருமே வெளியே. எப்போது போவது, எப்போது விடுவது என்பதைக் கத்திச் சொல்ல நேரம் கிடையாது. பக்கத்தில் நிற்பவனின் தோள் அசைவைப் பார்த்தே தெரிய வேண்டும்.

நம் ஊர்க் கபடிக் குழுக்களின் பலம் இதுவே. ஒரே தெருவில் வளர்ந்து, பள்ளிக்கூட நாளிலிருந்து ஒரே மண்ணில் விழுந்து எழுந்த ஏழு பேர் அவர்கள். உடற்கட்டிலும் பயிற்சியிலும் மேலான அணியை ஊர்ப் பையன்கள் சில இரவுகளில் சாய்த்துவிடுவதற்கு அந்தப் பழக்கமே காரணம். ஏலத்தில் கூடிய அணிக்கு அந்தப் பழக்கத்தை உண்டாக்கிக்கொள்ள ஒரு முகாமின் அவகாசமே இருக்கிறது.

பெரிய பெயர்கள் இருந்தும் ஏன்?

2019இல் தலைவாஸின் அணிப் பட்டியலைப் பார்த்தவர்கள் பட்டம் நமக்குத்தான் என்று நம்பினார்கள். இமாசலப் பிரதேசத்தின் அஜய் தாகூர் கேப்டன். முந்தைய இரண்டு பருவங்களிலும் 200 ரெய்டு புள்ளியைத் தாண்டியவர். உத்தரப் பிரதேசத்தின் ராகுல் சௌத்ரியை 94 லட்ச ரூபாய்க்கு எடுத்தார்கள். பிடிக்கு டெல்லியின் மஞ்சீத் சில்லர். மூவருமே லீக்கின் முதல் வரிசை ஆட்கள். முடிவு, பன்னிரண்டாவது இடம். நடுவிலேயே பயிற்சியாளர் இ. பாஸ்கரன் விலகி, ஜெ. உதயகுமார் வந்தார்.

பெரிய பெயருக்குப் பெரிய தொகை போகும். ஒவ்வொரு அணிக்கும் செலவு வரம்பு ஒன்றே. 2024இல் அது 5 கோடி ரூபாய். அந்த ஆண்டு தலைவாஸ் சச்சின் தன்வர் என்ற ஒரே ரெய்டருக்கு 2.15 கோடி கொடுத்தது. வரம்பில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் ஒருவருக்கே போனால், மற்ற அத்தனை பேரையும் மீதியில்தான் பிடிக்க வேண்டும். அந்தப் பருவம் 8 வெற்றி, 13 தோல்வி, 1 சமன் என்று ஒன்பதாவது இடத்தில் முடிந்தது.

இதற்கு நேர் எதிரான பாடம் 2022. அந்த ஆண்டு பவன் ஷெராவத்தை 2.26 கோடிக்கு வாங்கினார்கள். அக்டோபர் 8 அன்று குஜராத்துடன் நடந்த முதல் ஆட்டத்திலேயே அவருக்கு முழங்காலில் அடி. பருவம் முழுக்க ஆட முடியவில்லை. அணி முடிந்தது என்று பலரும் கைவிட்டார்கள். அதுவரை லீக்கில் ஆடியே இராத நரேந்தர் என்ற இளைஞர் அந்த இடத்தில் இறங்கி 243 ரெய்டு புள்ளி எடுத்தார். பிடியில் சாகர் ராத்தி இருந்தார். தலைவாஸ் 11ஆவது இடத்தில் முடிந்த முந்தைய பருவத்திலேயே 80க்கும் மேற்பட்ட டேக்கிள் புள்ளி எடுத்தவர் அவர். தோற்ற பருவத்தில் அணி அவரை விட்டுவிடாமல் வைத்துக்கொண்டது. அதன் பலன் அடுத்த பருவத்தில் வந்தது. நடுவில் பயிற்சியாளராக வந்த அஷன் குமார் இந்த இளைஞர்களை வைத்தே ஆட்டத்தைக் கட்டினார். 10 வெற்றி, 8 தோல்வி, 4 சமன். ஐந்தாவது இடம். எலிமினேட்டரில் யுபி யோதாஸுடன் 36-36 என்று சமன் ஆகி, டை பிரேக்கரில் 6-4 என்று வென்றார்கள். அரையிறுதியில் புனேரி பல்டானிடம் 37-39. இரண்டே புள்ளியில் இறுதி ஆட்டம் போயிற்று.

2017 முதல் 2024 வரையிலான ஏழு பருவங்களில் தலைவாஸ் பிளேஆஃப் கண்டது அந்த ஒரு முறைதான். கோடிகள் கொடுத்து வாங்கிய வீரர் வெளியே உட்கார்ந்திருந்த பருவம் அது.

கடைசியில் வந்தவருக்குக் கைதூக்கி விடுவார் உண்டா?

அமெரிக்காவின் தொழில்முறைக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லில் உண்டு. தோள்பட்டையில் கவசம் கட்டி, ஆளை ஆள் மோதிச் சாய்க்கும் அந்த ஆட்டம் கபடிக்குத் தூரத்து உறவு என்றே சொல்லலாம். அங்கே 32 அணிகள். கல்லூரிகளிலிருந்து வரும் புதிய வீரர்களை ஆண்டுதோறும் அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும். போன பருவத்தில் கடைசியாக வந்த அணிக்கே முதல் தேர்வு. 2008இல் டெட்ராய்ட் லயன்ஸ் ஆடிய 16 ஆட்டத்திலும் தோற்றது. மறு ஆண்டு முதல் தேர்வாக மேத்யூ ஸ்டாஃபோர்டை எடுத்தது. 2011இல் பிளேஆஃப் போனது. 2017இல் கிளீவ்லாந்து பிரௌன்ஸும் 16க்கு 16 தோற்றது. அடுத்த ஆண்டு முதல் தேர்வாக வந்தவர் பேக்கர் மேஃபீல்ட். 2020 பருவத்தில் 11 வெற்றியோடு பிளேஆஃப் சென்றது. கைதூக்கி விட்டும்கூட இரண்டு மூன்று வருடம் பிடித்திருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

புரோ கபடியில் இருப்பது ஏலம். கடைசியாக வந்த அணிக்கும் சாம்பியனுக்கும் பண வரம்பு ஒன்றுதான். ஏலம் நாடு முழுவதற்கும் பொது என்பதால், அணியின் பெயரில் தமிழ் இருப்பதனால் மட்டும் தமிழ்நாட்டு வீரர் கிடைத்துவிட மாட்டார். தமிழ்நாட்டில் ஆள் இல்லாமலும் இல்லை. தஞ்சைப் பக்கத்துத் தர்மராஜ் சேரலாதன் 2016இல் பாட்னா பைரேட்ஸுக்குக் கேப்டனாக இருந்து பட்டம் வாங்கித் தந்தவர். 2024இல் தலைவாஸின் பயிற்சிக் குழுவுக்கு அவர் வந்தார்.

நம் பக்கத்துப் பையன்களுக்கு வழி அடைபடுவது பெரும்பாலும் தரையில். லீக் நடப்பது 'மேட்' எனும் விரிப்பில். ஊரில் ஆடுவது மண்ணில். மேட்டில் கால் வழுக்காது, ரெய்டரின் வேகம் கூடும், ஷூ போட்டு ஆட வேண்டும், பிடியின் நேரம் மாறும். மண்ணில் பத்து வருடம் ஆடியவன் மேட்டில் ஏறிய முதல் நாளில் தடுமாறுவது திறமைக் குறைவால் அல்ல. தென்காசி மாவட்டத்தின் ஒவ்வொரு ஒன்றியத்திலும் பையன்கள் தினமும் ஆடக்கூடிய ஒரு மேட் இருந்தால் அந்தத் தடுமாற்றம் பதினைந்து வயதிலேயே தீர்ந்துவிடும்.

அடுத்த பருவத்தில் எதைப் பார்ப்பது?

தலைவாஸ் தோற்றால் முதலில் வித்தியாசத்தைப் பாருங்கள். 7க்குள் தோற்ற ஆட்டங்கள் அதிகம் என்றால் அணி மோசமில்லை, கடைசி ஐந்து நிமிடம்தான் மோசம். இரண்டாவது, கார்னர், கவர் நால்வரில் எத்தனை பேர் போன பருவத்திலும் சேர்ந்து ஆடியவர்கள் என்று பாருங்கள். மூன்றாவது, பயிற்சியாளர் நிலைக்கிறாரா என்று பாருங்கள். கா. பாஸ்கரன், இ. பாஸ்கரன், உதயகுமார், அஷன் குமார், மறுபடி உதயகுமார் என்று ஏழு பருவத்தில் நாற்காலி பல முறை கைமாறியது. அதனால் ஒவ்வொரு முறையும் பிடி ஆட்டம் அரிச்சுவடியிலிருந்தே தொடங்க வேண்டி வந்தது.

தோல்வி வந்த உடனே எல்லாரையும் மாற்று என்பது நமக்கு எளிதாக வரும் கோபம். அணி நிர்வாகமும் அந்தக் கோபத்துக்குப் பணிந்து ஏலத்தில் இன்னொரு பெரிய பெயரை வாங்குகிறது. அடுத்த தோல்வி அங்கிருந்தே தொடங்குகிறது. 2022 காட்டிய வழி வேறு. கபடியை உயிராக நேசிக்கும் நாம் அணியிடம் கேட்க வேண்டியது இதுதான்: நல்ல நாலு தடுப்பாட்டக்காரர்களை எடுங்கள், அவர்களில் இரண்டு பேராவது நம் மண்ணிலிருந்து வரட்டும், மூன்று வருடம் அவர்களைப் பிரிக்காமல் ஆட விடுங்கள். அதுவரை தோற்றாலும் நாங்கள் கூடவே இருப்போம்.