வளவிலேயே செய்யக்கூடிய உடற்பயிற்சியும் அதற்கான உபகரணங்களும்

ஊர் திரும்பும் குடும்பங்களில் கால் இழந்தவர், முள்ளந்தண்டில் காயப்பட்டவர், பாரிசவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்தவர், பிறவியிலேயே கைகால் இறுக்கமுள்ள பிள்ளை என யாராவது ஒருவர் இருக்கக்கூடும். முகாமில் அல்லது வைத்தியசாலையில் இருந்தபோது இயன்மருத்துவர் அவருக்குப் பயிற்சி கொடுத்திருப்பார். ஊருக்குப் போனதும் கொட்டில் போடுவது, கிணறு இறைப்பது, வளவு துப்புரவாக்குவது என்று வேலைகள் குவிந்துவிடும். அவரைக் கட்டிலில் இருத்திவிட்டு மற்றவர்கள் ஓடித் திரிவார்கள். இப்படிச் சில கிழமைகள் போனாலே மூட்டுகள் இறுகத் தொடங்கிவிடும். நீட்ட முடிந்த முழங்கால் மடிந்தபடியே நின்றுவிட்டால் அதற்குச் செயற்கைக் கால் பொருத்துவது மிகவும் கடினம். ஆகவே கூரை போடுவதைப் போல இதையும் முதற் கிழமை வேலைகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புறப்படும் நாளில் ஊன்றுகோல், சக்கர நாற்காலி, அதன் மெத்தை, செயற்கைக் காலின் உறைகள், கிளினிக் கொப்பி ஆகியவற்றை லொறியில் கடைசியாக ஏற்றுங்கள். கடைசியாக ஏற்றியதைத்தான் முதலில் இறக்கலாம். இயன்மருத்துவர் சொல்லித் தந்த பயிற்சிகளை ஒரு தாளில் எழுதித் தரும்படி கேளுங்கள். எந்தப் பயிற்சியைச் செய்யக்கூடாது என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கீழே சொல்லப்படும் உபகரணங்களுக்குத் தடியும் மணலும் தேவைப்படும். அவற்றுக்காகப் பற்றைக்குள்ளோ கைவிடப்பட்ட வளவுகளுக்குள்ளோ போகாதீர்கள். கண்ணிவெடி அகற்றப்பட்டதாக உறுதி செய்யப்பட்ட இடத்திலிருந்து மட்டும் எடுங்கள். பிள்ளைகளைத் தடி வெட்டி வர அனுப்பவே வேண்டாம்.

நடைபழகும் கைபிடிகள்

வைத்தியசாலையில் இரண்டு இரும்புக் குழாய்களுக்கு நடுவே நடை பழகியது நினைவிருக்கும். அதை உங்கள் வளவில் ஒரு நாளில் அமைத்துவிடலாம். ஏறக்குறைய 10 அடி நீளமுள்ள, கைக்குள் அடங்கும் பருமனான இரண்டு மூங்கில்கள் அல்லது சீவிய கமுகந்தடிகள், அவற்றைத் தாங்க ஆறு கட்டைகள் இருந்தால் போதும். கட்டைகளை 2 அடி ஆழத்துக்குப் புதைத்துச் சுற்றிவரக் கல் போட்டு இறுக்குங்கள். இரண்டு கைபிடிகளுக்கும் இடையில் 2 அடி அளவு இடைவெளி இருக்கட்டும். அதைவிட அகலமானால் கை விரிந்து தோளில் பாரம் விழும்.

உயரம்தான் முக்கியம். நிமிர்ந்து நிற்பவர் கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் உயரத்தில் கைபிடி இருக்க வேண்டும். அப்போதுதான் பிடிக்கும்போது முழங்கை சற்று மடியும், ஊன்றித் தள்ள வலுவும் கிடைக்கும். அவரால் நிற்க முடியாவிட்டால் நேராகப் படுக்க வைத்து, கையை உடலோடு ஒட்டி நீட்டி, நல்ல காலின் குதியிலிருந்து மணிக்கட்டு வரை கயிற்றால் அளந்துகொள்ளுங்கள். செருப்புப் போட்டு நடப்பவராயின் செருப்பின் தடிப்பையும் சேர்க்க வேண்டும்.

கயிற்றால் மட்டும் கட்டினால் மழைக்கும் வெயிலுக்கும் தளர்ந்துவிடும். ஆணி அடித்து, அதன்மேல் கம்பியால் சுற்றி, கம்பி முனையை வெளிப்பக்கமாகக் கீழ்நோக்கி மடித்துவிடுங்கள். கைபிடியை அரத்தாளால் நன்றாகத் தேயுங்கள். இரும்புக் குழாய் கிடைத்தால் நல்லதுதான், ஆனால் மத்தியான வெயிலில் அதைத் தொட முடியாது. வேம்பு அல்லது மாமர நிழலில் அமைப்பது எப்படியும் உத்தமம். முதன்முறை பயன்படுத்துவதற்கு முன் வீட்டில் பாரமான ஒருவர் தொங்கிப் பார்க்கட்டும்.

இரண்டு முனையிலும் ஒவ்வொரு கதிரை வையுங்கள். நீண்ட காலம் படுத்திருந்தவர் எழுந்தவுடன் தலை சுற்றும். முதலில் ஐந்து நிமிடம் இருக்கப் பழகி, பிறகு நிற்கப் பழகி, அதன் பின்னரே நடக்கட்டும். தொடக்கத்தில் தரை மெழுகியதுபோல் சமமாக இருக்க வேண்டும். நடை உறுதியானதும் அதே இடத்தில் கொஞ்சம் மணலையும் பிறகு சிறு கற்களையும் பரப்புங்கள். கிணற்றடிக்கும் படலைக்கும் போகும் பாதை வைத்தியசாலைத் தரையைப் போல இருக்காதல்லவா?

கிடைத்ததைக் கொண்டு செய்பவை

பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி ஒரு முனையைக் கட்டில் காலில் கட்டினால், கையையும் காலையும் பலப்படுத்த நல்ல இழுவைப் பட்டி கிடைக்கும். சீத்தைத் துணியில் பை தைத்து அரைக் கிலோ மணல் நிரப்பிக் கணுக்காலில் கட்டி, கதிரையில் இருந்தபடி முழங்காலை மெதுவாக நீட்டி மடக்கலாம். கடைத் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள், கண்மதிப்பில் கட்ட வேண்டாம். பத்துத் தடவை சிரமமின்றிச் செய்ய முடிந்த பிறகே நிறையைக் கூட்டலாம்.

கிணற்றுக் கப்பியை மரக்கிளையில் கட்டி, கயிற்றின் இரு முனைகளிலும் கைபிடி போட்டால், நல்ல கையால் இழுத்து மற்றக் கையை உயர்த்தலாம். காயத்தால் தோள் இறுகியவர்களுக்கு இது பயன்படும். ஆனால் பாரிசவாதம் வந்தவர்களுக்குக் கப்பி வேண்டாம். செயலிழந்த தோளின் தசைகள் தளர்ந்திருப்பதால் மேல்நோக்கி இழுக்கும்போது மூட்டு பழுதாகும். அவர்களைத் தூக்கும்போதும் அந்தக் கையைப் பிடித்து இழுக்கக்கூடாது.

உபகரணமே தேவைப்படாத பயிற்சி ஒன்றும் உண்டு. முழங்காலுக்கு மேல் கால் இழந்தவர் நாளுக்கு இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் இருபது நிமிடமளவு பாயில் குப்புறப் படுக்க வேண்டும். நாள் முழுதும் இருந்தபடியே இருந்தால் இடுப்பு மூட்டு முன்பக்கமாக மடிந்து இறுகிவிடும், குப்புறப் படுப்பது அதை நீட்டும். முழங்காலுக்குக் கீழே கால் இழந்தவரின் முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பதையும் தவிருங்கள். அன்பினால் வைக்கும் அந்தத் தலையணைதான் முழங்காலை மடிந்தபடி இறுக வைக்கிறது.

கக்கத்தில் வைக்கும் ஊன்றுகோலுக்கும் கக்கத்துக்கும் இடையில் இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். பாரம் கையில்தான் இறங்க வேண்டும். கக்கத்தில் தொங்கினால் நரம்பு அமர்ந்து கை விறைக்கும். நுனி றப்பர் தேய்ந்தால் ஈரத்தில் வழுக்கும், உடனே மாற்றுங்கள். ஒற்றைத் தடி பிடிப்பவர் பலவீனமான காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும்.

தோலைப் பார்த்துக்கொள்ளுங்கள்

முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவருக்கு இடுப்புக்குக் கீழே நோ தெரியாது. சக்கர நாற்காலியில் இருப்பவர் அரை மணிக்கு ஒரு தடவையாவது கைகளை ஊன்றி உடலை உயர்த்தவோ, ஒரு பக்கம் சாய்ந்து ஒரு நிமிடமளவு இருக்கவோ வேண்டும். படுக்கையில் இருப்பவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்புங்கள். பின்பக்கத்தையும் குதியையும் தினமும் கண்ணாடி வைத்துப் பாருங்கள். தோல் சிவந்தோ கறுத்தோ அழுத்திய பின்னும் மாறாமல் இருந்தால் அந்த இடத்தில் பாரம் படவே விடாதீர்கள். படுக்கைப் புண் உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடும். புண்ணோ காய்ச்சலோ கண்டால் பயிற்சியை நிறுத்தி வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

செயற்கைக் கால் போடுபவர் இரவில் அதைக் கழற்றி, காலின் மீதியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி உலரவிட வேண்டும். உறையையும் தினமும் தோய்க்க வேண்டும். உடல் மெலிந்தாலோ பருத்தாலோ கால் பொருந்தாமல் போகும். துணி திணித்துச் சமாளிக்காமல் செய்த இடத்துக்கே கொண்டுபோய்த் திருத்துங்கள். யாழ்ப்பாணத்தில் 1987 இல் தொடங்கப்பட்ட ஜெய்ப்பூர் நிலையம் இவ்வேலையைச் செய்துவருகிறது. றப்பர் பாதமுள்ள ஜெய்ப்பூர் கால் வெறுங்காலோடு வயலிலும் சேற்றிலும் நடப்பவர்களை மனதில் வைத்தே உருவாக்கப்பட்டது. தூரத்தில் இருப்பவர்கள் முதலில் அருகிலுள்ள ஆதார வைத்தியசாலையிலும் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடமும் விசாரியுங்கள். நடமாடும் சேவை நடக்கும் திகதி கிராம உத்தியோகத்தருக்குத் தெரிந்திருக்கும்.

புது வீடு கட்டப்போகிறீர்களானால் அத்திவாரம் வெட்டுவதற்கு முன்பே மேசனிடம் பேசுங்கள். வாசல் 3 அடி அகலம் இருக்கட்டும். படிக்குப் பதிலாகச் சாய்தளம் வேண்டும், ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பது கணக்கு. மலசலகூடத்தில் சக்கர நாற்காலி திரும்ப இடமும் சுவரில் பிடிக்க ஒரு குழாயும் தேவை. குந்தி இருக்கும் கோப்பை என்றால் நடுவில் துளை வெட்டிய உறுதியான கதிரையை அதன்மேல் வைக்கலாம். ஊரில் பாடசாலையோ சனசமூக நிலையமோ திருத்தப்படும்போதும் சாய்தளத்தைக் கேளுங்கள். 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் பொது இடங்களுக்குள் செல்லும் உரிமையை உங்கள் வீட்டவருக்கும் தந்திருக்கிறது. கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், எவ்வளவு அகலம் வேண்டும் என்பதை அவரே சொல்லட்டும்.