திருப்பி அனுப்பிய ராடு

ஆன்லைனில் வாங்கிய ஹீட்டர் ராடு ஆபத்தானதா என்பது பல நேரம் அதைத் தண்ணீரில் போடுவதற்கு முன்பே தெரிந்துவிடும். பெட்டியைப் பிரித்துப் பிளக்கைப் பார்த்தால் போதும். 1,500 வாட் ராடு 230 வோல்ட்டில் ஏறக்குறைய 6.5 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 16 ஆம்பியர் மூன்று பின் பிளக் வேண்டும். மெல்லிய வயரின் நுனியில் இரண்டு பின் பிளக் இருந்தால், அந்த ராடுக்கு எர்த் கிடையாது. எர்த் பின் மற்ற இரண்டையும் விட நீளமாக இருப்பது அழகுக்காக அல்ல. சொருகும்போது அது முதலில் தொட வேண்டும், உருவும்போது கடைசியில் விலக வேண்டும். அது இல்லாத ராடில் உள்ளே கசிவு ஏற்பட்டால், மின்சாரம் உலோகக் குழாய்க்கும், பக்கெட் தண்ணீருக்கும், சூடு பார்க்க விரலை விடுபவருக்கும் போய்ச் சேரும்.

ஓசூரில் இது மார்கழிக் கவலை. கடல் மட்டத்துக்கு மேல் 850 மீட்டரைத் தாண்டிய ஊர். சிப்காட்டில் காலை ஷிப்ட்டுக்குப் போகிறவர்களுக்கு விடியுமுன் வெந்நீர் வேண்டும். நான்கைந்து பேர் சேர்ந்து தங்கும் வாடகை அறையில் கீசர் மாட்ட வீட்டுக்காரர் சம்மதிப்பது அபூர்வம். சில நூறு ரூபாய் ராடுதான் அங்கே கீசர்.

பிளக்குக்கு அடுத்து பார்க்க வேண்டியது முத்திரை. ராடுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். முத்திரையின் தலைமேல் ஐஎஸ் 368 என்ற தர எண்ணும், அடியில் சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். எண் இல்லாத ஐஎஸ்ஐ வெறும் படம். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் அந்த எண்ணைப் போட்டால் உரிமம் யாருடையது, இன்னும் செல்லுமா என்பது தெரியும். சார்ஜர், பவர் பேங்க் போன்றவற்றில் ஐஎஸ்ஐக்குப் பதிலாக ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும். சிஇ என்று மட்டும் அச்சிட்ட சார்ஜரைத் தரமானது என்று நம்பி வாங்குபவர்கள் நிறைய. அது ஐரோப்பியச் சந்தைக்கான குறி, இங்கே கட்டாயமாக இருக்க வேண்டிய பதிவுக்கு அது ஈடாகாது.

திருப்பி அனுப்பும்போது பெரும்பாலோர் தவறுவது ஒரு சின்ன இடத்தில்: செயலி கேட்கும் காரணத்தில். சீக்கிரம் வேலை முடியட்டும் என்று ‘பிடிக்கவில்லை’ என்பதைத் தொட்டுவிடுகிறார்கள். திரும்பி வரும் சரக்கைத் தரம் பிரித்து, நன்றாக இருப்பதை மறுபடி விற்பனைக்கு வைப்பதும், மிச்சத்தை விற்பனையாளரிடமோ மொத்தமாக எடுப்பவரிடமோ தள்ளுவதும் இந்தத் தொழிலின் வழக்கம். ‘பிடிக்காத’ ராடு பார்வைக்குப் புதிதாகவே இருக்கும்; அடுத்த வாரம் அது இன்னொருவர் பக்கெட்டில் கிடக்கலாம். ‘எர்த் பின் இல்லை’, ‘உரிம எண் இல்லை’, ‘தொட்டால் ஷாக் அடிக்கிறது’ என்று எழுத்தில் போவதுதான் புகார். பிளக், முத்திரை, பெட்டியிலுள்ள விலைச்சீட்டு ஆகியவற்றைப் படம் எடுத்த பிறகே பொருளைக் கொடுக்க வேண்டும். திருகாணியைக் கழற்றி உள்ளே ஆராய்வது வேண்டாம். வாங்கியவரே கெடுத்தார் என்ற பதில் தயாராக இருக்கும்.

‘ரிட்டர்ன் காலம் முடிந்துவிட்டது’, ‘மாற்றிக்கொடுப்போம், பணம் கிடையாது’ என்ற பதில்கள் கடைசி வார்த்தை அல்ல. 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, குறையுள்ள அல்லது போலியான பொருளைத் திரும்ப வாங்கவோ, அதன் பணத்தைத் தரவோ விற்பனையாளர் மறுக்க முடியாது. இணையச் சந்தையின் குறைதீர் அலுவலர் புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

எல்லையோர ஊரில் அடுத்த கேள்வி, விற்றவர் எந்த மாநிலம் என்பது. பில்லில் உள்ள ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் சொல்லிவிடும்: 33 என்றால் தமிழ்நாடு, 29 கர்நாடகம், 07 தில்லி. ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளியில் கால் வைத்தாலே வேறு மாநிலம் என்பதால், வழக்குக்குப் பெங்களூருக்கு அலைய வேண்டுமோ என்று பலர் விட்டுவிடுகிறார்கள். 1986-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அந்தத் தயக்கத்துக்குக் காரணம் இருந்தது. எதிர்த்தரப்பு இருக்கும் இடம் எது, பிரச்சினை எழுந்த இடம் எது என்று வாதாட வேண்டியிருந்தது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டம், வாங்கியவர் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் இடத்திலேயே வழக்குப் போட வழி செய்தது. ஓசூர்க்காரருக்கு அது கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் தமிழிலேயே புகார் சொல்லிப் பார்க்கலாம்.

உப்பிய பவர் பேங்க் வேறு கதை. அதை வந்த பெட்டியிலேயே போட்டு ஒட்டி டெலிவரி பையனிடம் நீட்டுவது, ஆபத்தை அவர் முதுகில் ஏற்றுவது. பழுதான லித்தியம் பேட்டரியை விமானத்தில் அனுப்பத் தடை உண்டு. 2016-இல் சாம்சங் கேலக்ஸி நோட் 7 போன்களைத் திரும்பப் பெற்றபோது, தீயைத் தாங்கும் தனிப்பெட்டியையும் கையுறையையும் அந்நிறுவனம் அனுப்ப வேண்டியிருந்தது. உப்பியதைச் சார்ஜில் போடாமல், குத்தாமல், மணல் போட்ட இரும்புச் சட்டியில் கட்டிலிலிருந்து தள்ளி வைத்துவிட்டு, ‘பேட்டரி உப்பியிருக்கிறது’ என்று முதலிலேயே நிறுவனத்திடம் சொல்வதே முறை.

ஒருவர் திருப்பி அனுப்புவதால் ஒரு ராடு வெளியேறும். அதே சரக்கில் மற்றவை வீடுகளிலேயே இருக்கும். அவற்றை வரவழைக்கும் அதிகாரம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்திடம் இருக்கிறது. 2021 டிசம்பரில் அது வெளியிட்ட எச்சரிக்கையில் ஹீட்டர் ராடும் இடம்பெற்றது. 2022 ஆகஸ்டில், தரமுத்திரை விதிக்கு இணங்காத 2,265 பிரஷர் குக்கர்களை வாங்கியவர்களுக்குத் தகவல் சொல்லி, குக்கரைப் பெற்றுக்கொண்டு பணத்தைத் தருமாறு அமேசானுக்கு உத்தரவிட்டு, 1 லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தது. அமேசான் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அமெரிக்காவில் 2024 ஜூலையில், தண்ணீரில் விழுந்தால் ஷாக் தடுக்கும் வசதி இல்லாத ஹேர் டிரையர் உள்ளிட்ட 4 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்களுக்கு அதே நிறுவனம் விநியோகஸ்தர் என்ற முறையில் பொறுப்பு என்று அந்நாட்டு ஆணையம் முடிவு செய்தது. ‘நாங்கள் சந்தை மட்டுமே’ என்ற வாதம் எங்கும் எப்போதும் எடுபடுவதில்லை.

தமிழ்நாட்டில் 2025 மார்ச்சில் திருவள்ளூர் மாவட்டம் புதுவாயலில் உள்ள அமேசான் கிடங்கைத் தர நிர்ணய அமைவனத்தினர் சோதனையிட்டு, முத்திரை இல்லாத 3,376 பொருள்களைப் பறிமுதல் செய்தனர். அவற்றில் சீலிங் ஃபேனும் இருந்தது. இத்தகைய சோதனைக்குத் தகவல் கொடுக்க ‘பிஐஎஸ் கேர்’ செயலியிலேயே புகார்ப் பகுதி உண்டு. பாதுகாப்பு ஆணையத்துக்கான புகாரை மாவட்ட ஆட்சியரிடமும் கொடுக்கலாம். அதற்குத் தில்லி முகவரி தேட வேண்டியதில்லை.

சில சமயம் விலை குறைந்த பொருளுக்குப் பணத்தைத் தந்துவிட்டு, ‘நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்’ என்று நிறுவனம் சொல்லிவிடும். அப்படி மிஞ்சும் ராடு பழைய இரும்புக் கடைக்குப் போனால், அங்கிருந்து ஐம்பது ரூபாய்க்கு வேறொரு அறைக்குப் போகும். படங்கள் பத்திரமாகவும் வழக்கு எதுவும் நிலுவையில் இல்லாமலும் இருந்தால், பிளக்கை வயரோடு வெட்டி எடுத்துவிட்டு மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுக்கலாம்.