நடை திறக்கும் வரை இரண்டு வரிசை

பிரதோஷ நாள். மாலை நடை திறக்க இன்னும் அரை மணி நேரம் இருந்தது. நந்தி மண்டபத்தின் படிகளில் அன்பர்கள் வந்து அமரத் தொடங்கியிருந்தனர். என்னருகே வந்து அமர்ந்த மூதாட்டி, அருகம்புல் மாலையை இலையோடு மடியில் வைத்துக்கொண்டு, மஞ்சள் பையிலிருந்து சிறிய பித்தளைச் சம்புடம் ஒன்றை எடுத்தார். விபூதியாக இருக்கும் என்றே எண்ணினேன். ஆனால் மூடியில் ஆணியால் இட்ட துளை ஒன்றின் வழியே வெள்ளை நூல் நீண்டு வந்தது. கண்டு உருண்டோடிவிடாமல் இருக்க அவர் கண்ட உபாயம் அது. நூலின் மறுமுனையில் உள்ளங்கை அகலத்தில் ஒரு பின்னல். அதில் செருகியிருந்தது நுனியில் கொக்கியுடைய எஃகு ஊசி.

"நடை திறக்கறதுக்குள்ள ரெண்டு வரிசை ஆயிடும்மா" என்றார், நான் பார்ப்பதைக் கண்டு.

"எத்தனை வருஷமாப் பின்றீங்க மாமி?"

"பன்னெண்டு வயசுல அம்மா கையில குடுத்தா. இப்ப எழுபத்தெட்டு. நடுவுல பிரசவத்துக்கும் கண் ஆபரேஷனுக்கும் விட்டிருப்பேன். அவ்வளவுதான்."

அறுபத்தாறு ஆண்டுகள்! சுற்றிலும் பலர் கைபேசியில் ஆழ்ந்திருக்க, அவர் விரல்கள் மட்டும் ஓசையின்றி ஓடிக்கொண்டிருந்தன. எனக்கோ வீட்டு அலமாரியில் ஓராண்டாகத் திறக்கப்படாமல் கிடந்த ஒரு பிஸ்கட் டப்பா நினைவுக்கு வந்தது. அது என் தாயாருடையது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

குரோஷா என்று நம் இல்லங்களில் வழங்கும் பெயர், சிறு கொக்கி என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது. சுவாமி அலமாரிக்கு விரிப்பு, நிலைப்படிக்குத் தோரணம், வானொலிப் பெட்டிக்கும் பின்னர் தொலைக்காட்சிக்கும் உறை, தாம்பூலத் தட்டின் மேல் மணி கோத்த மூடு துணி என ஒரு தலைமுறைக்கு முன் இந்தப் பின்னல் இல்லாத நடுத்தரக் குடும்பம் அரிது. இவ்வளவு பழகிப்போனதால் இதைத் தொன்மையான கலை என்றே பலர் எண்ணுகின்றனர். உண்மையில் இன்றுள்ள வடிவில் இதன் வயது ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளே. அச்சில் வந்த முதல் குரோஷா மாதிரிகள் 1820-களில் ஒரு டச்சு இதழில் வெளியாயின.

ஸ்வெட்டர் பின்னுவோர் இரண்டு ஊசிகளைக் கையாள்வர். அதில் ஒரு வரிசையின் கண்ணிகள் அனைத்தும் ஊசியின்மேல் ஒரே நேரத்தில் காத்திருக்கும். ஒன்று நழுவினாலும் அதன் கீழுள்ளவை வரிசையாக அவிழ்ந்துவிடும். குரோஷாவில் ஊசி ஒன்றே. ஒரு கண்ணியை முடித்த பிறகுதான் அடுத்ததற்குச் செல்கிறோம். எந்த நேரத்திலும் திறந்திருப்பது ஒரே ஒரு கண்ணி. ஆகவே குக்கர் கூவினாலும், வாசலில் யாரேனும் அழைத்தாலும், கோயில் மணி ஒலித்தாலும், அந்தக் கணமே கீழே வைத்துவிட்டு எழலாம். மீண்டும் வரும்போது விட்ட இடம் விட்டபடியே இருக்கும். இல்லறத்தின் நடுவே, இருபது நிமிடம் இங்கே, பத்து நிமிடம் அங்கே என்று வாழ்நாள் முழுவதும் இதைத் தொடர முடிவதன் இரகசியம் இந்த ஒற்றைக் கண்ணிதான்.

இன்னொரு சலுகையும் உண்டு. பிழை நேர்ந்தால் நூலைப் பிடித்து இழுத்தால் போதும். பிழை செய்த இடம் வரை பிரிந்து வரும். அதே நூலைக் கொண்டு மறுபடியும் பின்னலாம். தையலில் வெட்டிய துணி வெட்டியதுதான். சமையலில் கூடிய உப்பு கூடியதுதான். இவ்வளவு தாராளமாக மன்னிக்கும் கைவேலை வேறு எதையும் நான் அறியேன்.

புதிதாகத் தொடங்க விரும்பும் வாசகியருக்கும், வாசகர்களுக்கும்தான், ஒரு வேண்டுகோள். பாட்டி செய்தாரே என்று எடுத்த எடுப்பில் மெல்லிய வெள்ளை நூலையும் ஒன்றேகால் மில்லிமீட்டர் ஊசியையும் வாங்கிவிடாதீர்கள். கண்ணும் வலிக்கும், மனமும் சலிக்கும். வெளிர் நிறத்தில் சற்றுத் தடித்த பருத்தி நூலோ உல்லன் நூலோ வாங்கி, நான்கு மில்லிமீட்டர் ஊசியோடு தொடங்குங்கள். கறுப்பு நூல் வேண்டாம். கண்ணி கண்ணுக்குத் தெரியாது. முதல் வாரம் வெறும் சங்கிலி மட்டும் போட்டு, அவிழ்த்து, மீண்டும் போடுங்கள். இடக்கை விரல்களின் இடையே நூல் எவ்வளவு இறுக்கமாக ஓட வேண்டும் என்பதைக் கைதான் கற்கும். சொல்லித் தர இயலாது. அதன்பின் ஒரு சதுரம் பின்னத் தொடங்கினால், பத்தாவது வரிசையில் அது முக்கோணமாக மாறிக்கொண்டிருப்பதைக் காண்பீர்கள். அஞ்ச வேண்டாம். வரிசையின் கடைசிக் கண்ணியை ஒவ்வொரு முறையும் தவற விட்டிருப்பீர்கள். வரிசைதோறும் எண்ணிப் பார்ப்பதுதான் இதற்கு மருந்து. மணிக்கட்டு வலித்தால் அன்றைக்கு அத்துடன் நிறுத்திவிடுங்கள்.

வட்டம் பின்னுவது கோலம் போடுவதைப் போன்றது. நடுப்புள்ளியில் ஆறு கண்ணிகள்; அடுத்த சுற்றில் பன்னிரண்டு; பின்னர் பதினெட்டு, இருபத்து நான்கு. எளிய ஒற்றைப் பின்னலில் சுற்றுக்கு ஆறு கண்ணிகள் கூடினால் வட்டம் தரையோடு படிந்து கிடக்கும். கூட்டுவது குறைந்தால் கிண்ணம்போல் குழியும். மிகுந்துவிட்டால் பாவாடைக் கொசுவம்போல் அலை அலையாய்ச் சுருளும். நாமெல்லாம் 'கெட்டுப்போச்சு' என்று பிரித்துவிடும் அந்தச் சுருளை ஒரு கணித அறிஞர் வேண்டுமென்றே பின்னினார் என்றால் வியப்பாக இல்லையா? அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய லாட்வியரான டைனா டைமினா, 1997-ஆம் ஆண்டு அவ்வாறு செய்தார். ஹைப்பர்போலிக் தளம் என்று வடிவியலில் ஒன்று உண்டு. விளிம்பை நோக்கிச் செல்லச் செல்ல இடம் பெருகிக்கொண்டே போகும் வளைபரப்பு. காகிதத்தில் ஒட்டிச் செய்த மாதிரிகள் கிழிந்து போயின. டைமினா ஒரே விகிதத்தில் கண்ணிகளைக் கூட்டிக்கொண்டே போய், மாணவர்கள் கையில் எடுத்து மடித்துப் பார்க்கத்தக்க மாதிரியை உருவாக்கினார். பவளப்பாறைகளிலும் இதே சுருள் வடிவம் உண்டு. அதனால் மார்கரெட், கிறிஸ்டின் வெர்தைம் என்னும் சகோதரியர் 2005-இல் ஒரு பவளத் திட்டையே குரோஷாவில் பின்னத் தொடங்கினர். பல நாட்டுப் பெண்கள் அதில் கைகோத்தனர்.

இத்தனையும் பொழுதுபோக்கின் பெருமை. ஆனால் இதே ஊசி பசியையும் கண்டிருக்கிறது. அயர்லாந்தில் 1845-இல் உருளைக்கிழங்குப் பயிர் நோயுற்று, பெரும் பஞ்சம் சூழ்ந்தபோது, கார்க் நகரின் உர்சுலைன் கன்னியர் மடத்தாரும் குளோன்ஸ் ஊரில் கசாண்ட்ரா ஹேண்ட் என்னும் பெண்மணியும் ஏழைப் பெண்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்தனர். ரோஜா, இலை எனத் தனித்தனியே பின்னி, வலைப்பின்னலால் இணைத்த அந்த லேஸ் விற்றுத்தான் பல குடும்பங்களில் அடுப்பு எரிந்தது.

நமக்கு அண்டையிலேயே, ஆந்திரத்தின் மேற்குக் கோதாவரி மாவட்டத்தில், நரசாபுரம் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் மிஷனரிகள் வழியே அங்கு சென்ற குரோஷா, சுற்றுவட்டாரப் பெண்களின் வாழ்வோடு கலந்துவிட்டது. ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ் அவர்களிடையே ஆய்வு செய்து 1982-இல் நூல் வெளியிட்டார். அப்பெண்களின் பின்னல் கடல் கடந்து ஏற்றுமதியாயிற்று. ஆனால் அவர்களை யாரும் தொழிலாளர் என்று கருதவில்லை. 'இல்லத்தரசிகள், ஓய்வு நேரத்தில் பின்னுகிறார்கள்' என்றே சொல்லப்பட்டது. அந்தச் சொல்லைக் காட்டியே கூலியும் குறைக்கப்பட்டது. நரசாபுரத்து லேஸுக்கு 2024-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது மகிழ்ச்சிக்குரியதே. எனினும் கண்காட்சியில் ஒரு விரிப்பைக் கையில் எடுத்து, 'நூல்தானே, இவ்வளவு விலையா?' என்று பேரம் பேசத் தோன்றும்போது, அந்தப் பெண்களை ஒருகணம் நினைத்துக்கொள்ளுங்கள். நெசவுக்கும் ஸ்வெட்டர் பின்னலுக்கும் இயந்திரம் வந்துவிட்டது. குரோஷாவுக்கு இன்றும் கைதான்.

இதைச் சொன்ன கையோடு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் ஆசையாகப் பின்னும் ஒருவரிடம், 'இதை விற்கலாமே, நல்ல காசு வருமே' என்று சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. புகழ்ச்சியாகத்தான் சொல்கிறார்கள். வேண்டுவோர் விற்கட்டும். ஆனால் நாளெல்லாம் எல்லாவற்றுக்கும் கணக்குச் சொல்லும் ஒருவருக்குக் கணக்கே கேட்கப்படாத அரைமணி நேரம் ஒன்று இருக்கட்டுமே என்பது என் எண்ணம்.

சென்னையில் 2016 ஜனவரி 31 அன்று நிகழ்ந்ததும் விற்பனைக்கானது அன்று. சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' என்னும் குழுவினர், பல ஊர்களிலிருந்து தனித்தனியே பின்னி வந்த துண்டுகளை இணைத்து 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள போர்வையை விரித்தனர். உலகின் மிகப் பெரிய குரோஷாப் போர்வை என்று கின்னஸ் அதைப் பதிவு செய்தது. பரப்பளவைவிட எனக்கு வியப்பளிப்பது, அத்தனை பேரின் துண்டுகளும் ஒன்றோடொன்று பொருந்தியதுதான். ஏனெனில் ஒரே நூல், ஒரே ஊசி, ஒரே மாதிரியைக் கொடுத்தாலும் இருவர் பின்னியவை ஒரே அளவில் வருவதில்லை. ஒருவர் கை இளக்கம், ஒருவர் கை இறுக்கம். சமையலில் கைப்பக்குவம் என்கிறோமே, அதுபோல.

என் தாயாரின் டப்பாவை நான் திறக்காமல் இருந்ததற்கும் அதுவே காரணம். காரணத்தில் பாதி என்று சொல்ல வேண்டும்.

பூஜை அறை வாசலுக்காக அம்மா ஒரு திரை பின்னிக்கொண்டிருந்தார். எதிரெதிரே இரண்டு அன்னங்கள், நடுவே தாமரை. கட்டம் போட்ட நோட்டுத் தாளில் பென்சிலால் வரைந்து, நிரப்ப வேண்டிய கட்டங்களைக் கறுப்பாக்கி, முடித்த வரிசைகளுக்கு எதிரே குங்குமப் பொட்டு வைத்திருந்தார். இடப்பக்க அன்னமும் தாமரையும் முடிந்திருந்தன. கடைசிக் கண்ணி அவிழாமல் இருக்க அதில் ஒரு ஊக்கு மாட்டியிருந்தது. அந்த நிலையிலேயே சென்ற ஆண்டு ஆவணியில் அம்மா இறைவன் திருவடி சேர்ந்தார்.

எனக்கும் பதினோரு வயதில் அவர்தாம் ஊசியைப் பிடிக்கக் கற்றுத்தந்தார். வேலைக்குச் சென்றபின் விட்டுவிட்டேன். இந்தத் திரையை அவர் தொடங்கியபோது, "உன் வீட்டுக்குத்தான் பின்றேன்" என்றார். "எதுக்கும்மா கண்ணைக் கெடுத்துக்கறே? கடையில இருநூறு ரூபாய்க்கு ரெடியாவே கிடைக்கறது" என்று சொல்லிவிட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. வரிசையை முடித்துவிட்டு ஒரு பொட்டு வைத்தார். டப்பாவைத் திறக்காததற்கு மற்றப் பாதிக் காரணம் இது.

அன்று மண்டபத்தில் அந்த மூதாட்டியிடம் இதையெல்லாம் சொன்னேனா என்றால், இல்லை. "அம்மா பாதியில விட்டுட்டுப் போன திரை ஒண்ணு இருக்கு. என் கைக்கு அது வருமான்னு தெரியலை" என்று மட்டும் சொன்னேன். அவர் தம் பின்னலை அப்படியே என்னிடம் நீட்டினார். "பத்துக் கண்ணி போடு, பார்ப்போம்." நாற்பது ஆண்டுகளுக்குப் பின் ஊசியைப் பிடித்தேன். விரல்கள் மறந்திருக்கவில்லை. அவர் மூக்குக் கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார். "உன் கை இறுக்கம். ஒரு சைஸ் பெரிய ஊசியா எடுத்துக்கோ. அம்மா பின்னினதை மட்டும் பிரிச்சுடாதே" என்றார். பின்னர் சிறிதும் தயங்காமல் என் பத்துக் கண்ணிகளையும் இழுத்துப் பிரித்துவிட்டுத் தம் வரிசையைத் தொடர்ந்தார். மணி ஒலித்தது. நடை திறந்தது. சம்புடம் பைக்குள் சென்றது.

வலப்பக்க அன்னத்துக்கு எனக்கு ஐந்து மாதங்கள் ஆயின. இரவு உணவுக்குப் பின் அரைமணி நேரம், நாளுக்கு ஒரு வரிசை. சில நாள் அதுவும் இல்லை. முதல் முறை திரையின் உயரம் என் பக்கம் ஒரு விரற்கடை குறைந்தது, பிரித்தேன். பெரிய ஊசிக்கு மாறியபின் அரை விரற்கடை. அதையும் மூன்று முறை பிரித்துப் பார்த்தேன். நான்காவது முறை விட்டுவிட்டேன். முடித்த வரிசைகளுக்கு எதிரே நானும் குங்குமப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தேன்; தாளின் ஒரு பாதியில் மங்கிய பொட்டுகள், மறு பாதியில் புதியவை. அம்மாவின் அன்னம் சற்றே பூசினாற்போல் இருக்கும், என்னுடையது மெலிந்திருக்கும். வந்து பார்ப்பவர்களுக்குத் தெரிவதில்லை.

திரை இப்போது பூஜை அறை வாசலில் தொங்குகிறது. சாம்பிராணிப் புகையும் விளக்கின் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறிவிடுவதால் போகிக்கு முன் அதைக் கழற்றி, பூந்திக்கொட்டை ஊறிய நீரில் கசக்காமல் அலசி, நீர்த்த அரிசிக் கஞ்சியில் தோய்த்து எடுத்தேன். பாயின்மேல் துண்டு விரித்து, திரையைப் பரப்பி, ஓரம் முழுதும் குண்டூசி குத்தி நிழலில் உலர்த்த வேண்டும். இணைப்பு வரும் இடத்தில் என் பக்கத்தைச் சற்று இழுத்துக் குத்தினேன். ஈரத்தில் அது இசைந்து கொடுத்தது. இரண்டு அன்னங்களும் ஒரே உயரத்தில் நின்றன. மாலையில் உலர்ந்து ஊசிகளை எடுத்ததும், என்னுடையது மீண்டும் அரை விரற்கடை சுருங்கிக்கொண்டது.