நாணயச்சாலையின் பிழையா, பின்னர் பட்ட காயமா?

நாணயப் பிழைகள் பற்றி வானொலியில் பேசியதிலிருந்து என் தொலைபேசி ஓயவில்லை. வருமானவரிக் காலத்தில்கூட இத்தனை பேர் என்னைத் தேடியதில்லை! அன்று அவசரமாகச் சொன்னதை இங்கே ஆறுதலாக எழுதுகிறேன்.

அழைத்தவர்களில் ஒரு பெரியவர் நேரிலேயே வந்தார். ஓரத்தில் பிறை வடிவில் துண்டு போன ஒரு 20 சதக் காசு. "தம்பி, இது நாணயச்சாலையில பிழைச்சுப்போன காசாம். பென்சன் காசில 300 டொலர் குடுத்து இன்ரநெற்றில வாங்கினனான். வித்தால் பேரப்பிள்ளைக்கு உதவுமெண்டு பார்த்தன்" என்றார். உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தேன். வெட்டின் உட்புறத்தில் அரத்தின் கீறல்கள். சிறிது நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை.

இப்படியான பிழைகள் உண்மையிலேயே உண்டு. நீண்ட உலோகத் தகட்டிலிருந்துதான் வட்ட வில்லைகளை வெட்டி எடுப்பார்கள். தகடு போதிய அளவு நகராவிட்டால், முன்பு வெட்டிய ஓட்டையின் மேலேயே அடுத்த வெட்டு விழும். வில்லையில் பிறைபோல ஒரு கடி. அதன் பிறகு வில்லையின் ஓரத்தை இயந்திரத்தில் நெருக்கி விளிம்பை எழுப்புவார்கள். கடிபட்ட இடத்தில் பிடிக்க உலோகம் இல்லாததால், அதற்கு நேர் எதிரேயும் அழுத்தம் குறைந்து விளிம்பு மங்கிவிடும். ஆகவே வெட்டைப் பார்ப்பதோடு நிற்காமல் எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். பெரியவரின் காசில் எதிர்ப்பக்க விளிம்பு முழுதாக, எடுப்பாக நின்றது. காசு அடித்து முடிந்த பிறகு யாரோ அராவியிருக்கிறார்கள்.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது நாணயச்சாலைக்குள் நடந்ததா, வெளியே வந்த பின் நடந்ததா? இரண்டு காசுகளைச் சேர்த்து நெரித்தால் ஒன்றின் உருவம் மற்றதில் இடம்வலம் மாறிப் பதியும். அமிலத்தில் போட்டால் காசு மெலியும். இவை வெறும் காயங்கள். தராசும் உதவும்: 20 சதம் 11.31 கிராம், ஒரு டொலர் 9 கிராம் இருக்க வேண்டும். (கணக்காளனுக்கு இலக்கம் இல்லாமல் நித்திரை வராது.)

உண்மையான பிழைக்கு நல்ல உதாரணம் 2000ஆம் ஆண்டின் ஒரு டொலர் கங்காருக் காசு. ராணியின் பக்கத்துக்குத் தவறுதலாக 10 சத அச்சைப் பொருத்திவிட்டார்கள். 10 சதத்தின் விட்டம் 23.6 மில்லிமீற்றர், டொலரினது 25. அதனால் ராணியின் பக்கத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக இரட்டை விளிம்பு தெரியும். ஆனால் 2000ஆம் ஆண்டுக் காசெல்லாம் அப்படியல்ல, பெரும்பாலானவை சாதாரணமானவையே.

அப்படி ஒரு காசு எங்கள் சமூகத்து அக்கா ஒருவரிடம் உண்மையாகவே இருந்தது. என்னிடம் காட்டுமுன் "அழுக்காயிருக்கு" என்று குத்துவிளக்கோடு சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்துவிட்டார்! டொலர்க் காசில் பெரும்பங்கு செம்பு, புளிக்கு நன்றாகவே பளிச்சிட்டது. ஆனால் சேகரிப்பவர்கள் விரும்புவது நாணயத்தின் இயல்பான மேற்பரப்பை. தேய்த்த கீறலை எதுவும் திருப்பிச் சரியாக்காது. விலை பெருமளவு இறங்கிவிட்டது.

பிழை வேறு, அச்சு வேறுபாடு வேறு. 1966இல் தசம நாணயம் வந்தபோது கன்பராவிலிருந்த புதிய நாணயச்சாலைக்குத் துணையாக இலண்டனிலும் 20 சதக் காசுகளை அடித்தார்கள். அவற்றில் சிலவற்றில் 20இன் '2' என்ற இலக்கத்தின் அடிக்கோடு, மேற்புறத்தில் நேராக இல்லாமல் அலைபோல வளைந்திருக்கும். அது அச்சிலேயே உள்ளது. அந்த அச்சில் அடித்த ஒவ்வொரு காசிலும் வரும். பழைய உண்டியல் வைத்திருப்பவர்கள் ஒருமுறை கொட்டிப் பாருங்கள்.

சந்தேகமான காசு இருந்தால் நிலையத்துக்குக் கொண்டுவாருங்கள். உருப்பெருக்கியும் தராசும் என் பையில் இருக்கும். விலை சொல்ல மாட்டேன், பிழையா காயமா என்று மட்டும் பார்த்துச் சொல்வேன். தயவுசெய்து கழுவாமல் கொண்டுவாருங்கள்.