வாலாட்டும் முதுமை – 7: தயிர்சாதத்தை வெறுத்த கறுப்பன்

பல்லும் ஈறும் போன வாரத்தோடு முடிந்தது. சிறுநீரகம் கெட்ட நாய்க்கு என்ன சோறு போடலாம் என்று இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கு முன்னால் ஓர் எலிக் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். படித்ததிலிருந்து மனம் அதையே சுற்றிச் சுற்றி வருகிறது.

1950களில் சான் ஃபிரான்சிஸ்கோவில் அமெரிக்கக் கடற்படையின் கதிர்வீச்சு ஆய்வுக்கூடம். அங்கே வேலை பார்த்த ஜான் கார்சியா என்ற உளவியலாளர் ஒன்றைக் கவனித்தார். கதிர்வீச்சு அறைக்குள் எலிகள் வர வரத் தண்ணீர் குடிப்பதையே குறைத்தன. தங்கள் கூண்டுக்குத் திரும்பியதும் நன்றாகக் குடித்தன. கூண்டில் இருந்தது கண்ணாடி பாட்டில், அறையில் இருந்தது பிளாஸ்டிக் பாட்டில். பிளாஸ்டிக் ருசி ஏறிய தண்ணீரைக் குடித்த நேரத்திலெல்லாம் கதிர்வீச்சு வயிற்றைப் புரட்டியிருக்கிறது. எலி பழியைத் தண்ணீர் மேல் போட்டுவிட்டது! இத்தனைக்கும் எலியால் வாந்தி எடுக்கவே முடியாது; குமட்டலின் நினைவு மட்டுமே அதற்குப் போதுமானதாக இருந்தது. பிறகு சாக்கரின் கலந்த தண்ணீரை வைத்துச் சோதித்து, 1955இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார். தின்றதற்கும் குமட்டியதற்கும் நடுவே ஒரு மணி நேரத்துக்கு மேல் போனாலும் வெறுப்பு ஒட்டிக்கொள்கிறது என்று அவர் பின்னால் காட்டியபோது, பெரிய இதழ்கள் அதை ஏற்கவில்லை.

1970களில் இதையே நாயின் பங்காளியான கயோட்டியிடம் செய்து பார்த்தார்கள். லித்தியம் குளோரைடு கலந்த ஆட்டுக்கறியை ஓரிரு முறை தின்று வாந்தி எடுத்த கயோட்டிகள், உயிருள்ள ஆட்டை விட்டு விலகிப் போயின.

இப்போது எங்கள் எதிர்வீட்டுக் கறுப்பனுக்கு வருகிறேன். 13 வயது நாட்டு நாய். சிறுநீரகம் பாதிக்குமேல் போய்விட்டது. மாத்திரையைப் பொடித்துத் தயிர்சாதத்தில் பிசைந்து வைப்பார் அந்த அக்கா. “நேத்து வரைக்கும் வழிச்சு வழிச்சுத் தின்னுச்சு தம்பி. இன்னிக்கு மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்குது. அத்தனையும் கொழுப்பு” என்றார்.

கொழுப்பு இல்லை அக்கா. தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். உதட்டை நக்கிக்கொண்டே இருந்தது. வாயில் ஒன்றும் இல்லாமலே விழுங்கியது. தாடையோரம் எச்சில் நூலாக இறங்கியது. மூன்றும் குமட்டலின் அடையாளம். ரத்தத்தில் கழிவு தேங்கும்போது வயிறு புரட்டிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் கசப்பு மாத்திரையோடு உள்ளே போன தயிர்சாதம், கறுப்பனுக்கு அந்தப் பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீர்தான்.

ஆகவே, பிடித்த சோற்றில் மருந்தை ஒளிக்காதீர்கள். தினமும் தின்னாத வேறொன்றில் ஒரு உருண்டையாகக் கொடுங்கள். டிரிப்ஸ் ஏறும் நாட்களில் புதிய பத்தியச் சோற்றைத் தொடங்காதீர்கள். முதலில் டாக்டரிடம் குமட்டலுக்கு மருந்து கேளுங்கள். நாய் தேறி வீட்டுக்கு வந்த பிறகு, பழைய சோற்றோடு கொஞ்சம் கொஞ்சமாகப் புதியதைக் கலக்கலாம். வெதுவெதுப்பாக வையுங்கள், மூக்குக்கு எட்டினால்தான் வாய் திறக்கும். வாயைப் பிளந்து திணிக்கவே திணிக்காதீர்கள். வலி என்று நினைத்து உங்கள் வீட்டுப் பாராசிட்டமாலையோ இபுப்ரோஃபெனையோ கொடுத்துவிடாதீர்கள்.

பாஸ்பரஸ் கணக்கும் சோற்றுப் பட்டியலும் அடுத்த வாரம். அதற்குள் உங்கள் வீட்டு வயசாளி ஒரு நாள் முழுக்கத் தட்டைத் தொடவில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். குடித்த தண்ணீரும் தங்கவில்லை என்றால் அந்த ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். எதைத் தின்ற பிறகு வாந்தி எடுத்தது என்பதை மறக்காமல் ஒரு சீட்டில் குறித்துக்கொண்டு போங்கள்.